சிக்கன வீடு: கேரளம் காட்டும் வழி

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டிலும் கை வைத்தவர்களுக்கே பணத்தின் அருமை விளங்கும் என்பதைக் கண்டறிந்து நம் முன்னோர் இதனைச் சொல்லி வைத்தனர். வசதி படைத்தவருக்கே இது பொருந்துமெனில், அன்றாடக் கூலியைக் கொண்டு காலம் தள்ளும் ஏழைக் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அரசு அளிக்கும் உதவித் தொகையை நம்பி அக்குடும்பம் அஸ்திவாரம் தோண்டுகிறது. நிலைப்படி மட்டத்திற்குச் சுவர் எழும்பும்போது கையிருப்புக் கரைந்துவிடுகிறது. பிறகு ஆடு விற்கப்படுகிறது; தோடு அடகுக் கடைக்குச் செல்கிறது; வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. அதன் பின்னும் கூரை காணாமல், மழையில் நனைந்து பாசி படிந்து நிற்கும் சுவர்களை நாம் கிராமங்களில் கண்டிருக்கிறோம். அச்சுவர்களுக்குள் முடங்கிக் கிடப்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமன்று; ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்புமாகும்.

இந்த இன்னலைத் தவிர்க்க வழி உண்டா? வீட்டின் அளவைக் குறைக்காமலும், அதன் உறுதியைக் கெடுக்காமலும் செலவைக் குறைக்க இயலுமா? இயலும் என்று நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் செய்து காட்டியுள்ளார்கள். அதனைச் செய்தது இலாப நோக்கமற்ற ஒரு தொண்டு நிறுவனம். அதன் முறைகளையும், அம்முறைகளுக்கு அடிப்படையான கருத்தையும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும் எனக் கருதி இங்கே விளக்குகிறோம்.

நிறுவனம் பிறந்த வரலாறு

1972-ஆம் ஆண்டில் கேரள அரசு, நிலமற்ற ஏழைகளுக்காக 'லட்சம் வீடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் திரு. சி. அச்சுத மேனன், வீட்டு வசதித் துறையைக் கவனித்து வந்தவர் திரு. எம். என். கோவிந்தன் நாயர். பஞ்சாயத்துக்கள்தோறும் மக்களின் ஒத்துழைப்போடு வீடுகள் எழுந்தன. கூரையே இல்லாதவர்களுக்குக் கூரை கிடைத்தது. ஆயினும், ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளாக அவை அமைந்திருந்தமையாலும், காலப்போக்கில் சிதைவுற்றமையாலும், பிற்காலத்தில் அவற்றை ஒற்றை வீடுகளாக மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு வீடு கட்டுவதில் எண்ணிக்கை மட்டும் போதாது. உறுதியும், அங்கு வாழப்போகும் மக்களின் விருப்பமும் உடன் சேர வேண்டும் என்னும் பாடத்தை இது புகட்டியது.

1985-ஆம் ஆண்டில், பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் டாக்டர் கே. என். ராஜ், கட்டடக் கலைஞர் திரு. லாரி பேக்கர், சமூக ஊழியர் திரு. டி. ஆர். சந்திரதத் ஆகியோர் சேர்ந்து திருச்சூரில் ஒரு நிறுவனத்தை நிறுவினார்கள். கிராம வளர்ச்சிக்கு அறிவியலையும் தொழில் நுட்பத்தையும் பயன்படுத்துவது அதன் நோக்கம். 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. ஆட்சி அனுபவம், பொருளாதார அறிவு, கட்டடக் கலை, மக்கள் தொண்டு ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியது அதன் சிறப்பு.

லாரி பேக்கர் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்துவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அந்நாட்களில் காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஒரு வீட்டைக் கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் அவ்விடத்திற்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று அடிகள் கருதியதைப் பேக்கர் தம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்து வந்தார். 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு அம்மலைவாசிகள் வீடு கட்டும் திறத்தை அவர்களிடமே கற்றார். பின்னர்க் கேரளத்திற்குக் குடிபெயர்ந்தார். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007-இல் தமது 90-ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

'இது அவசியந்தானா?'

பேக்கரின் முறையை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுட்டி, 'இது அவசியந்தானா?' என்று கேட்பதே அது. மட்டமான பொருளைப் போட்டுச் செலவைக் குறைப்பது சிக்கனம் ஆகாது, அது ஏமாற்றமாகும். தேவையற்றதை நீக்கி, தேவையானதைச் செம்மையாகச் செய்வதே சிக்கனம். இக்கருத்து எவ்வாறு செயலாகிறது என்பதைச் சுவரிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

வழக்கமாக 9 அங்குலக் கனமுள்ள சுவரில் செங்கற்களைப் படுக்கையாக வைத்து இடைவெளியின்றிக் கட்டுகிறோம். 'எலிப்பொறிக் கட்டு' எனப்படும் முறையிலோ செங்கல் பக்கவாட்டில் நிறுத்தப்படுகிறது. 9 அங்குல நீளமும், 4½ அங்குல அகலமும், 3 அங்குல உயரமும் உள்ள செங்கல்லை எடுத்துக்கொள்வோம். சுவரின் வெளிமுகத்தில் ஒன்று, உள்முகத்தில் ஒன்று என இரண்டு கற்களை நிறுத்தினால், நடுவே 3 அங்குல இடைவெளி ஏற்படும். அவற்றையடுத்து ஒரு கல்லைச் சுவரின் குறுக்கே நிறுத்தினால், அது இரு முகங்களையும் பிணைத்துவிடும். இவ்வாறு இரண்டும் ஒன்றுமாக வரிசை தொடரும்போது, சுவரினுள்ளே சிறுசிறு கூடுகள் உண்டாகின்றன. எலிப்பொறி போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? 12 அங்குல நீளமும் 4½ அங்குல உயரமும் உள்ள சுவர்ப் பகுதிக்கு வழக்கமான கட்டில் 4 கற்கள் தேவை. எலிப்பொறிக் கட்டில் 3 கற்களே போதும். 10 அடி நீளம், 9 அடி உயரம் உள்ள ஒரு சுவருக்குச் சாந்தின் கனத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால், 960 கற்களுக்குப் பதிலாக 720 கற்கள் போதுமானவை. அஃதாவது நான்கில் ஒரு பங்கு மிச்சம். சாந்தும் அதற்கேற்பக் குறைகிறது. சுவரின் அடிவரி, மேல்வரி, மூலைகள், கதவு ஜன்னல்களின் ஓரங்கள் ஆகிய இடங்களில் இடைவெளியின்றிக் கட்ட வேண்டுமாதலால், முழு வீட்டிற்குக் கிடைக்கும் மிச்சம் இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆயினும் அது புறக்கணிக்கத் தக்கதன்று. மேலும், சுவரினுள் அடைபட்ட காற்று வெயிலின் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தடுக்கிறது. சிக்கனத்துடன் குளிர்ச்சியும் சேர்ந்தே கிடைக்கிறது.

கூரையில் ஓடு

வீட்டுச் செலவில் பெரும் பங்கை விழுங்குவது கான்கிரீட் தளம். பளு ஏறும்போது தளம் சிறிது வளைய முயல்கிறது. அப்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது; கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்குவதற்காகவே கீழ்ப்பகுதியில் இரும்புக் கம்பிகளை வைக்கிறோம். ஆகவே, கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் உள்ள கான்கிரீட் பெரும்பாலும் பளு தாங்கும் வேலையைச் செய்வதில்லை. எடையை மட்டும் கூட்டுகிறது.

அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து, மேலே கான்கிரீட் இடுவதே இடைநிரப்புத் தளம். பழைய ஓடுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். இரண்டு ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், இடையே காற்று அடைபட்டு வெப்பத்தைக் குறைக்கும். கான்கிரீட் குறைவதால் தளத்தின் எடையும், அதற்கேற்ப இரும்பின் தேவையும் குறைகின்றன. கீழிருந்து நோக்கினால் ஓடுகளின் வரிசை அழகாகத் தோன்றுமாதலால், கூரையின் உட்பூச்சும் வேண்டியதில்லை. ஆனால் ஓடுகளை முன்னதாக நீரில் நன்கு ஊற வைத்தல் வேண்டும்; இல்லையேல் அவை கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சி அதன் வலிமையைக் கெடுத்துவிடும். கம்பிகளின் கனத்தையும் இடைவெளியையும் பொறியாளரே கணக்கிட்டுத் தர வேண்டும். இதில் உத்தேசத்திற்கு இடமில்லை.

இவ்வாறே, நன்றாகச் சுட்ட செங்கல்லை நேர்த்தியாக அடுக்கிச் சாந்தை ஒழுங்காகத் தேய்த்துவிட்டால், சுவரின் வெளிப்பூச்சை விட்டுவிடலாம். காற்றும் வெளிச்சமும் மட்டும் வேண்டிய இடங்களில், விலையுயர்ந்த மர ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவர் அமைக்கலாம். கேரளத்தின் கடும் மழைக்கு ஏற்ப, கூரையின் விளிம்பைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டி விடுவதால் சுவர் நனையாமல் காக்கப்படுகிறது.

மண்ணும் சுண்ணாம்பும்

இம்முறைகளால் மிச்சமாவது பணம் மட்டுமன்று. சூளைச் செங்கல்லுக்கு விளைநிலத்தின் மேல்மண் வெட்டப்படுவதையும், அதைச் சுட விறகும் நிலக்கரியும் எரிக்கப்படுவதையும் விவசாயிகள் நன்கறிவார்கள். ஒரு முறை போன மேல்மண் மீண்டும் உருவாகப் பல தலைமுறைகள் செல்லும். சிமெண்டோ, சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படுவது. ஒரு டன் சிமெண்டு உற்பத்தியாகும்போது அரை டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளியாகிறது. பருவ மழை பிறழ்வதற்கும் வெப்பம் மிகுவதற்கும் காரணமான வாயுக்களுள் முதன்மையானது இதுவே. ஆகவே வீட்டிற்கு வீடு குறைக்கப்படும் செங்கல்லும் சிமெண்டும் வயலைக் காக்கும் முயற்சியுமாகின்றன.

சுண்ணாம்பு இதனினும் குறைந்த வெப்பத்தில், சுமார் 900 டிகிரியில் சுடப்படுகிறது. அதனுடன் செங்கல் பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்து அரைத்த சாந்து நம் முன்னோர் கையாண்டதே. ஒரு தளமுள்ள சிறிய வீட்டின் சுவருக்கு இத்தகைய சாந்தின் வலிமை போதுமானது.

சுடாத மண் கல் மற்றொரு வழியாகும். தக்க மண்ணுடன் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காத்தால் உறுதியான கல் கிடைக்கும். விறகு வேண்டியதில்லை. இதற்குப் பயிர் விளையும் மேல்மண் உதவாது. அதனை ஒதுக்கி வயலுக்கே திருப்பிவிட்டு, அடிமண்ணையே எடுக்க வேண்டும். மண்ணைச் சோதிப்பதற்கு எளிய வழி உண்டு. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களிமண் மேலுமாகப் படியும். மணல் பாதியளவும், களிமண் ஐந்தில் ஒரு பங்கு அளவும் உள்ள மண் ஏற்றது. இக்கலையை நம் மாநிலத்திலேயே விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோவில்லில் இயங்கும் மண் கட்டடக் கலை நிறுவனம் ஆராய்ந்து, பயிற்சியும் அளித்து வருகிறது.

செலவு குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

இத்தனை நன்மைகள் இருந்தும் இம்முறைகள் எங்கும் பரவாததற்குக் காரணம் என்ன என்று வாசகர்கள் வினவலாம். இதுவே நாம் முக்கியமாகச் சிந்திக்க வேண்டிய இடம். கட்டடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுபவருக்குச் செலவு கூடினால் வருவாயும் கூடுகிறது. குறைந்தால் வருவாயும் குறைகிறது. சிமெண்டும் இரும்பும் விற்பவருடைய நிலையும் இதுவே. இவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வியாபாரத்தின் இயல்பு அது. வீட்டுக்காரரின் சிக்கனத்தால் நஷ்டம் அடையாத ஒருவர் அவருக்கு ஆலோசனை கூறினால்தான் தேவையற்றவை கழிக்கப்படும். இலாப நோக்கமற்ற நிறுவனத்தின் அவசியம் இங்கேதான் புலப்படுகிறது. பேக்கர் தாமே கட்டுமிடத்தில் நின்று, கொத்தனார்களோடு கலந்து, வீட்டாரின் தேவைகளைக் கேட்டறிந்து கட்டினார். காஸ்ட்ஃபோர்டும் அவ்வழியையே பின்பற்றிக் கொத்தனார்களுக்குப் பயிற்சி அளித்தது. செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றிப் பேக்கர் தம் கையால் படம் வரைந்து எழுதிய சிறு நூல்களை வெளியிட்டது.

வீட்டாரின் தேவைகளைக் கேட்பது எத்துணைப் பயன் தரும் என்பதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் மீனவர்களுக்காக 1970-களில் பேக்கர் அமைத்த குடியிருப்பு சான்றாகும். வீடுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தாமல், வரிசைகளைச் சற்று விலக்கி அமைத்ததால், பின்வரிசை வீட்டிற்கும் கடற்காற்று எட்டியது. இதற்குக் கூடுதல் செலவு வேண்டியிருக்கவில்லை. கூடுதல் சிந்தனையே வேண்டியிருந்தது.

ஐயங்களும் விடைகளும்

'சுவருக்குள் வெற்றிடம் இருந்தால் வலு குறையாதா?' என்பது இயல்பாக எழும் ஐயம். ஒரு தளமுள்ள சிறு வீட்டின் சுவருக்கு வரும் பளு, அச்சுவர் தாங்கவல்ல பளுவில் சிறு பகுதியே. குறுக்குக் கற்கள் இரு முகங்களையும் பிணைத்து நிற்பதால் சுவர் ஒரே உடலாக இயங்குகிறது. ஆனால் கல் ஒரே அளவினதாகவும் நன்கு வெந்ததாகவும் இருத்தல் வேண்டும். இம்முறையில் பழகிய கொத்தனார் கட்டுதல் வேண்டும். கரிசல் மண்ணில் அஸ்திவாரம் போடுவதற்கு முன் பொறியாளரின் யோசனையைக் கட்டாயம் பெற வேண்டும். அம்மண் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் தன்மையுடையது. எம்முறையில் எழுப்பிய சுவராயினும் அஸ்திவாரம் தவறினால் பிளந்துவிடும்.

மற்றோர் ஐயம் வெளியே சொல்லப்படுவதில்லை, மனத்திற்குள்ளேயே இருக்கும். 'பூச்சில்லாத வீட்டைக் கண்டால், பணமின்றி நிறுத்திவிட்டார்கள் என்று ஊரார் நினைப்பார்களே' என்பதே அது. ஏழைக் குடும்பத்தின் தன்மானத்தை நாம் இலேசாகக் கருதலாகாது. இதற்குப் பேக்கரின் பணியே விடையாகும். ஏழைகளுக்குக் கையாண்ட அதே முறைகளைக் கொண்டே திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை அவர் 1970-களில் எழுப்பினார். அங்கே பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் பூச்சில்லாத செங்கற் சுவர்களுக்கிடையேதான் பணிபுரிகின்றனர். செல்வர்க்கு ஒரு முறை, ஏழைக்கு ஒரு முறை என அவர் வகுக்கவில்லை. பஞ்சாயத்து அலுவலகமோ, அங்கன்வாடியோ, நூல்நிலையமோ முதலில் இம்முறையில் கட்டப்படுமானால், ஏழையின் வீடும் அதே மதிப்பைப் பெறும்.

பஞ்சாயத்து ஆற்றக்கூடிய பணி

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமக் குடியிருப்புத் திட்டம், சமையல் இடம் உட்பட 25 சதுர மீட்டர், அஃதாவது சுமார் 270 சதுர அடி, வீட்டின் குறைந்த அளவாக வகுத்தது. பயனாளியின் குடும்பமே முன்னின்று வீட்டைக் கட்டிக்கொள்வது அத்திட்டத்தின் அடிப்படை. உதவித் தொகை வேலை முன்னேறுவதற்கேற்பத் தவணைகளில் வருகிறது. ஆதலின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலவாகும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திராத குடும்பம் நடுவழியில் நின்றுவிட நேர்கிறது. இங்கே பஞ்சாயத்தின் துணை பெரிதும் பயன்படும்.

முதலாவதாக, வேலை தொடங்குமுன் பயனாளிகளை ஒருங்கே கூட்டி, ஒவ்வொரு குடும்பத்திற்கும் கட்டம் கட்டமாகச் செலவுக் கணக்கை ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரைக் கொண்டு எழுதித் தரச் செய்யலாம். இரண்டாவதாக, அவ்வூர்க் கொத்தனார்கள் இருவரையோ மூவரையோ பயிற்சிக்கு அனுப்பலாம். அவர்கள் கற்று வந்தது மற்றவர்களுக்கும் பரவும். மூன்றாவதாக, ஐந்து மைல் சுற்றளவில் என்னென்ன பொருள்கள் கிடைக்கின்றன என்று கணக்கெடுக்கலாம். செம்புராங்கல் கிடைக்கும் ஊரில் செங்கல்லைத் தேட வேண்டியதில்லை. கருங்கல் மலிந்த ஊரில் அஸ்திவாரத்திற்கு வேறு பொருள் வேண்டியதில்லை. நான்காவதாக, பல குடும்பங்கள் சேர்ந்து பொருள்களை மொத்தமாக வாங்கவும், ஒரு வீட்டின் வேலையில் மற்ற வீட்டார் கைகொடுக்கவும் ஏற்பாடு செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. பஞ்சாயத்து, வீடு கட்டுவோரிடம் இலாபம் எதிர்பாராத அமைப்பு. ஊரில் அனைவரும் அறிந்த அமைப்பு. கேரளத்தில் தொண்டு நிறுவனம் ஏற்ற பணியை இங்கே பஞ்சாயத்தே ஏற்க முடியும்.

குடிபுகும் நாளன்று பால் காய்ச்சும் குடும்பம், அன்றிரவே வட்டிக் கணக்கை எண்ணிக் கலங்கும் நிலை இருக்கலாகாது. மழைக்கு ஒழுகாத கூரை, வெயிலுக்குச் சுடாத சுவர், கடனுக்கு அஞ்சாத மனம் ஆகிய மூன்றும் கூடினால்தான் வீடு வீடாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வீட்டுப் பயனாளிகளின் பட்டியல் படிக்கப்படும்போது, பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், 'இவ்வீடுகளை எப்படிக் கட்டப் போகிறோம்?' என்னும் கேள்வியையும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.